கேட் போட்ட நேரம்

காலண்டர் தாளின் பின்பக்கம்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
நாலரைக்கு எழுவது,
ஐந்துக்குக் குடம், ஐந்தேகாலுக்கு உலை,
ஐந்தரையிலிருந்து ஆறரை வரை கணக்குப்பதிவியல்.
அதற்கு மட்டும் சிவப்பு மை.

முதல் நாள்
தண்ணி லாரி நாலு மணிக்கே வந்து போயிருந்தது.
இரண்டாம் நாள் வரவேயில்லை.
மூன்றாம் நாள் நான் எழவில்லை,
அதற்கு லாரி என்ன செய்யும்.

ஒயிட்னர் தடவித் திருத்தினேன்.
தடவிய இடமெல்லாம் தடித்து
உப்புக்காற்றுச் சுவராய் உதிர்ந்தது.
"திருத்தறதுக்கு ஒரு டைம் போட்டியா?" என்றான் யூஜின்,
வாயில் பேஸ்ட் நுரையோடு.

ஏழே முக்காலுக்கு ஷேர் ஆட்டோ.
கொருக்குப்பேட்டையில் கேட் விழும்.
கூட்ஸ் வண்டி பாதி வழியில் நின்றுவிடும்.
ஆரன் அடித்து அலுத்து
டிரைவர் இறங்கி டீக்குப் போவார்.

தாளில் இல்லாத நேரம் அது.
ஒரு திங்கட்கிழமை
ஏனென்று தெரியாமல் புத்தகத்தை எடுத்தேன்.
தேய்மானம், நேர்கோட்டு முறை.
மடியில் மீன்கூடையோடு இருந்தவள் கேட்டாள்:
"இன்னாம்மே, கேட்டு தொறந்தா மூடிருவியா?"

இன்று நாற்பத்தோராம் நாள்.
உலை ஒருநாளும் ஐந்தேகாலுக்கு ஏறவில்லை.
தேய்மானம் முடிந்து
கூட்டாண்மைக்கு வந்துவிட்டேன்.

நேற்று சங்கிலி பிடித்து அளந்தார்கள்.
மேம்பாலம் வருதாம்.
ஆட்டோவில் எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
ஒரு கையால், தொடையில்.
இன்னொரு கையின் விரல்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குள் இருந்தது.