ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் இரவு ஒன்றேகால்.
சனிக்கிழமை பத்து மணிக்குள் தில்லானா வேண்டுமாம்
நடன ரீச்சர் ஷியாமளாங்கிக்கு.
நாலு நிமிடம், ஆதி தாளம், இடையில் ஜதி.
"மிசின் மாதிரி இருக்கக் கூடாது, பிள்ளை."

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை.
கீபோர்டில் விரல் வைத்தால்
திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது,
ஸ்பீக்கர் குத்துக்கல்லாய் இருக்கிறது.
ஒரு மணிநேரம் தேடினேன்.
சத்தம் முழுவதும் திரைக்குப் பின்னே
இருப்பதே தெரியாத குட்டி ஸ்பீக்கருக்குப் போய்
அங்கே கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

திருப்பி அழைத்தேன். வந்தது, இரட்டையாய்.
ஒரு விரலுக்கு இரண்டு ஸ.
கீபோர்டு தானும் பாடுகிறது,
கணினியிடம் சொல்லி அதையும் பாடவைக்கிறது.
லோக்கல் கன்ட்ரோலை அணைத்தேன்.

இப்போது ஒரே ஸ. ஆனால் பிந்தி.
இருபத்துமூன்று மில்லிசெக்கன்
உங்களுக்கு ஒன்றுமில்லை;
ஆடுகிறவளின் குதிக்காலுக்கு அது ஒரு பள்ளம்.
பஃபரை நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கினேன்.
சட்டியில் கடுகு வெடித்தது.
இருநூற்றைம்பத்தாறு. வெடிப்பு அடங்கியது.

அப்போது பார்த்து மேல் ஸ நின்றுவிட்டது.
விரலை எடுத்தாயிற்று,
எடுத்தேன் என்ற சேதி கேபிளில் எங்கோ விழுந்துபோயிற்று.
எங்கள் வீட்டுச் சண்டைகளும் இப்படித்தான்:
தொடங்கிய சேதி போய்ச் சேரும்,
முடிந்த சேதி சேராது.
பேனிக் பொத்தானை அழுத்தினேன்.

குளிர்ச் சட்டைகள் தொங்கும் அலுமாரிக்குள்
மைக்கோடு புகுந்தேன், ஜதி சொல்ல.
ஹெட்ஃபோனில் ஒரு முனகல்.
ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவே
எந்தப் பாட்டுக்கும் சேராத சுதியில்
ஒரு ம்ம்ம்ம்.
ஊர்க் கரண்ட் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே முனகும்,
அதோடு சேர்த்துப் பாடிவிடலாம்.

குழல்விளக்கை அணைத்தேன். ம்ம்ம்ம்.
ஃபிரிட்ஜ் வயரைப் பிடுங்கினேன். ம்ம்ம்ம்.
ஃபர்னஸையே நிறுத்தினேன்.
அதன் இரைச்சல் போனதும் இது இன்னும் துலக்கமாய்.
எஞ்சியது ஒன்றுதான்.
வெளியே, அதே லைனில்,
சிவரூபனின் கார்.
எஞ்சின் உறையாமல் இரவெல்லாம் சூடேற்றும் பிளாக் ஹீட்டர்.

அவருக்கு ஐந்து மணிக்கு பன் ஃபாக்டரி.
யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
செருப்போடு ஓடினேன்.
வயர் விறைத்துத் தடியாய் நின்றது,
பிளக்கைப் பிடுங்கிய விரலில்
அன்று முழுக்க உணர்ச்சி வரவில்லை.

உள்ளே வந்தால், அமைதி.
இப்படியொரு அமைதி இந்த வீட்டில் இருந்ததென்று
வாடகை வாங்குகிறவருக்கே தெரிந்திருக்காது.
தகதிமி தகஜணு.
மூன்றாம் முறையில் விழுந்தது.
சேமித்தேன், சாய்ந்தேன், தூங்கிவிட்டேன்.

நாலரைக்கு வெளியே
கார் நாலு தரம் இருமியது. பிறகு இருமவுமில்லை.
படியிறங்கி வந்தார், மீசையில் பனி.
"ஆர் வயரைக் கழட்டினது?"
நான் ஃபர்னஸைப் போட்டேன்.
"ஏன் வீடும் இப்பிடிக் குளிருது?"

பக்கத்து வீட்டு டிர்க்சன் எழும்பி
பூஸ்டர் கேபிள் கொண்டுவர இருபது நிமிடம்.
ஜக்கெட்டோடு கடைசிப் படியில் இருந்தவரின் காதில்
ஹெட்ஃபோனை மாட்டினேன், கேட்காமலே.
நாலு நிமிடமும் முகத்தில் ஒன்றுமில்லை.
கழற்றித் தந்தார்.
"ரெண்டாவது ஜதியில என்ன அது, டிக் எண்டு?"

ஓட்டிப் பார்த்தேன். இருந்தது.
நிறுத்திய ஃபர்னஸின் தகரக் குழாய்
குளிர்ந்து சுருங்கியபோது போட்ட ஒரு சொடுக்கு.
தாளத்துக்கு அரை மாத்திரை முந்தி.
வெட்டலாம், இரண்டே கிளிக்.

வெளியே டிர்க்சனின் லாரி உறுமியது.
அவர் போனார்.
நான் கோப்புக்குப் பெயர் வைத்தேன்:
தில்லானா, கடைசி, மெய்யாக் கடைசி, கார்.