அடித்து எழுதிய சொல்

பள்ளம் என்று புனைபெயர் வைத்துக்கொள்ள
ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.
உருதுவில் அது நஷேப்.
கராச்சி நாஜிமாபாத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார்
சையத் முஸ்தஹ்ஸன் நஷேப்.
பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர் பாயும் என்பார்கள்.
மூன்றாம் மாடிப் பள்ளத்துக்கு அது ஏறவில்லை.

பகலில் கல்லூரியில் யாப்பு.
இரவில் மர்சியா.
நான்கடி ஒரே இயைபில் ஏறும்,
கடைசி ஈரடி கழுத்தைப் பிடிக்கும்.
பத்தொன்பது எழுதினார்.
நல்லவை நான்கு என்று அவரே சொல்வார்.
மூன்று என்பாள் மனைவி தய்யிபா.

மீதி நேரமெல்லாம் தாகத்துக்கான சொற்கள்.
எந்தக் கவி எந்த வருஷம்
எந்த வறண்ட நாக்குக்கு எதைப் போட்டான் என்று
அட்டை அட்டையாக, பதினொரு பிஸ்கட் டின்னில்.
உதடு வெடிக்கும் தாகம் வேறு.
குழந்தை அழுகையை நிறுத்திவிடும் தாகம் வேறு.

குடும்பத்துக்குச் சொத்தென்று இருந்தது
முஹர்ரம் எட்டாம் இரவு ஒன்றுதான்.
கொள்ளுப்பாட்டனார் மீர் இக்திதார் எழுதிய மர்சியா,
ஆற்றுக்குத் தோல்பை எடுத்துப் போய்
இரு கையும் வெட்டுண்டவர் மேல்.
(நம் இலக்கணம் இவ்வகைப் பாட்டைக்
கையறுநிலை என்னும்.
அங்கே அது உவமை இல்லை.)
மிம்பரேறி அதைப் படிக்கும் உரிமை
கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து நின்றது.

கைர்பூரில் பழைய காகித வியாபாரியிடம்
எடைக்கு வாங்கிய கட்டில்
அதே மர்சியா இருந்தது.
பின்பக்கம் தையல் கணக்கு:
மீர் சாகிப் வீட்டுக்குக் குர்தா பன்னிரண்டு,
எட்டணா பாக்கி.
ஓரத்தில் ஒரு பெயர், கனீஸ் சுக்ரா.

படியெடுத்தவள் என்று விட்டுவிடலாம்.
தய்யிபாவும் அதைத்தான் சொன்னாள்.
ஆனால் நாற்பத்தோராம் பத்தியில்
தாகம் வருகிற இடத்தில்
ஒரு சொல் அடிபட்டிருந்தது.
மேலே இன்னொன்று, அதுவும் அடிபட்டு.
மூன்றாவதுதான் இவர் ஏழு வயதிலிருந்து படிக்கும் சொல்.

படியெடுப்பவர் பிழை விடுவார்,
சொல் தேட மாட்டார்.

"எட்டணா இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது"
என்றார் தய்யிபாவிடம்.
அவள் பதில் சொல்லாமல் விளக்கைத் தள்ளி வைத்தாள்,
வெளிச்சம் காகிதத்தில் விழும்படி.

கட்டுரை வந்த இதழ் முந்நூறு பிரதி.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதை யாரும் படிக்கவில்லை.
ஒன்றை அண்ணன் இன்திஸார் படித்தார்.

அடுத்த முஹர்ரத்தில் மிம்பரில் அண்ணன் மகன்.
நஷேப் செருப்பு விடும் பக்கம் உட்கார்ந்தார்.
"எங்கள் மீர் இக்திதார் அருளியது" என்று தொடங்கினான்.
நல்ல குரல், அதையும் சொல்ல வேண்டும்.
நாற்பத்தொன்று வந்தது.
மூன்றாவது சொல்லில்
கூட்டம் மார்பில் அறைந்துகொண்டது.
இவர் உதடு அசைந்தது,
முதல் சொல்லுக்கு, பிறகு இரண்டாவதற்கு,
அவள் அடித்த வரிசையில்.
ஏதோ ஓதுகிறார் என்று
பக்கத்திலிருந்தவர் நகர்ந்து இடம் விட்டார்.

இரவு இரண்டு மணிக்கு டேங்கர் வந்தது.
இரு கையிலும் வாளி.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் சிந்திற்று.
கதவு திறந்து ஒரு தலை:
"நஷேப் சாகிப், உங்கள் தண்ணீர் எங்கள் வாசலில்."
மன்னிப்புக் கேட்டார்.
கேட்டுக்கொண்டிருக்கும்போதே
அது படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.