நூற்றிப் பத்து

ஒரே பூசணிக்காயை
ஒன்பது தடவை விற்றேன்
அந்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து.

நான் கணக்கு வாத்தியார். ஏலம் போட்டுப் பழக்கமில்லை.
வழக்கமாய்ப் போடுகிற உபதேசியார் பங்கிராஸ்
கண் ஆபரேஷன் முடிந்து
பச்சைத் துணி கட்டிப் படுத்திருக்க
மைக் என் கைக்கு வந்தது.
சிஸ்டர் பவுலின் சொன்னது இவ்வளவுதான்:
"போருக்கு இன்னும் நாப்பத்தோராயிரம் குறையுது, சார்.
கூச்சப்படாதீங்க."

பள்ளிக்கூடத்துப் பழைய போர்
பங்குனியிலேயே காற்றைக் கக்கிவிட்டது.
லாரித் தண்ணீர் கேட்டால்
மதுரையில் திருவிழா, வண்டி இல்லை என்றார்கள் பத்து நாள்.
கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள்
பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தார்கள்,
கை கழுவாமல் தக்காளிச் சோறு தின்றார்கள்.
கழிப்பறைக்குப் பூட்டு.
பெரிய பெண்பிள்ளைகள் பதினோரு மணிக்கே
வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனார்கள்.
என்ன வலி என்று
எந்த வாத்தியாரும் கேட்கவில்லை, நானும்தான்.

குலுக்கல் சீட்டும் அடித்துப் பார்த்தோம்.
எட்டாம் வகுப்பு கில்பர்ட்
தன் புத்தகம் மொத்தத்தையும்
சமயநல்லூர் பைபாஸ் டீக்கடையில்
லாரிக்காரர்களிடம் தள்ளிவிட்டான்.
அடிக்கட்டை முழுக்க நாமக்கல், சங்ககிரி, கோலார்.
முதல் பரிசு கோலாருக்கு விழுந்தது.
போன் போட்டால் கன்னடத்தில் யாரோ திட்டினார்கள்.
அந்த மேசை மின்விசிறி
இன்னும் ஆபீஸில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஏலம்.
முப்பது தேங்காய், இரண்டு வெடைக்கோழி,
ஒரு ஜாடி நார்த்தங்காய்,
ஞானப்பூ டீச்சர் வீட்டுப் பூசணி.
எங்கள் பங்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு:
எடுத்தவர் காசைக் கொடுப்பார்,
பொருளைத் திரும்ப மேசையில் வைப்பார்,
ஜனம் கை தட்டும்.

மரக்கடை சூசைமாணிக்கம் ஐநூறுக்கு எடுத்தார். வைத்தார்.
அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத அவர் தம்பி
அறுநூறுக்கு எடுத்தார். வைத்தார்.
துபாயிலிருந்து வந்திருந்த மருமகன் ஒருவர் ஆயிரம்.
பூசணியைத் தொடக்கூட இல்லை,
செல்போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.
எட்டாவது சுற்றில் கூட்டம் களைத்துவிட்டது.
தகரப் பந்தலுக்குக் கீழே
ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம், விசிறியாக.

நூறிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.
"நூத்திப் பத்து."
கடைசி வரிசை. பேச்சியம்மாள்.
செங்கல் சூளை வேலை, பங்குக்காரர் அல்ல,
மகள் சிவநந்தினி முகாம் நிறைவில் ஆடுகிறாள் என்று வந்தவர்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
யாராவது ஏற்றுவார்கள் என்று
மூணாம் தரத்தை நான் இழுத்த இழுவையில் மைக் கீச்சிட்டது.

வந்தார். மடியிலிருந்து எடுத்தார்.
பத்து ரூபாய்த் தாள் பதினொன்று,
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
பூசணியைத் தூக்கி இடுப்பில் வைத்தார்,
பிள்ளையை வைப்பதுபோல்.
நடந்தார்.

பந்தலே அவர் முதுகைப் பார்த்தது.
"அம்மா, அது வந்து..." என்று
மைக்கில் நான் வாயைத் திறக்க
சிஸ்டர் பவுலின் என் காலை மிதித்தார்.
நல்ல கனமான மிதி.
கேட் வரைக்கும் யாரும் தட்டவில்லை.
சிவநந்தினி மட்டும் சலங்கையோடு பின்னால் ஓடினாள்,
பூசணிக்கு ஒரு கை கொடுக்க.

சாயங்காலம் நோட்டை விரித்து உட்கார்ந்தேன்.
பூசணி எட்டுக் கிலோ இருக்கும்.
சந்தையில் கிலோ இருபது.
நூற்றிப் பத்துக்கு எடுத்தால் ஐம்பது ரூபாய் மிச்சம்.
அன்று காலை அந்தப் பந்தலில்
கணக்குத் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

எட்டுத் தொகையையும் 'நன்கொடை'யில் எழுதினேன்.
ஒன்பதாவதுக்கு இடமில்லை.
அடிக்கோல் வைத்து ஒரு கோடு கிழித்து
மேலே 'விற்பனை' என்று எழுதினேன்.
அதற்குக் கீழே ஒரே ஒரு வரி.

வரவு பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.
குறைவு இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று அறுபது.
அடுத்த ஞாயிற்றுக்கு
கைவசம் பூசணி இல்லை.