கரித்துண்டு இல்லாமல்

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள் சகாயராணி,
ஸ்கேன் சென்டரில் மறுநாள் காலை அவளுக்கு முதல் ஷிப்ட்.
அமாவாசைக்கு மோதிலாலின் பெரியப்பா வீட்டில் திதி.
ஆக, நாங்கள் பேய் பார்க்கப் போவது
ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை,
வளர்பிறை,
சப்தமியோ அஷ்டமியோ.

இடம், திருமங்கலம் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் மில்.
பதினாறு வருஷமாகச் சங்கு ஊதவில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஊதுகிறது என்கிறார்கள்.
கேட்டவர்கள் கிடைக்கவில்லை,
கேட்டவர்களைத் தெரிந்தவர்கள் நிறைய.
முதல் டீக்கடையில் அது
மெஷினில் முடி சிக்கிய பெண்.
பஸ் ஸ்டாப் டீக்கடையில்
கேட்டுக்கு வெளியே மருந்து குடித்த ஆள்.
மூன்றாவது கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே
"மில்லுக்குள்ள ஏதுப்பா பேயி,
அதுக்கு யாரு கூலி குடுப்பா" என்றார்.

மோதிலால் நெற்றியில் கட்டும் டார்ச் வாங்கினான்.
காந்த அலை காட்டும் டப்பா ஒன்று,
டவுன்ஹால் ரோட்டில் எண்ணூறு சொல்லி
ஐந்நூற்றைம்பதுக்குப் படிந்தது.
அது ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கத்தியது.
சாமி படத்துச் சீரியல் லைட்டைப் பார்த்தும் கத்தியது.

முனிச்சாலையில் அவன் மாடி அறையில்
ரெக்கார்டரைச் சோதித்தோம்.
ஐந்து நிமிஷம் மூவரும் வாய் திறக்கக் கூடாது.
திரும்பப் போட்டால்
ஃபேன், ஒரு ஷேர் ஆட்டோ,
யார் வீட்டிலோ குக்கர் விசில்,
பிறகு
நீளமாக ஒரு பெருமூச்சு.
"நான் இல்லப்பா" என்றாள் சகாயராணி.
"நானும் இல்ல" என்றான் அவன்.
இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.
என்னுடையதுதான்.
நான் இல்லை என்றேன்.

அன்றைக்குத்தான் உறைத்தது,
சின்ன வயசிலிருந்து சொல்லி வைத்ததெல்லாம்
வராமல் இருக்க.
உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நிற்காதே,
இருட்டிய பின் பூ வைத்துக்கொண்டு வாய்க்கால் தாண்டாதே,
கறிச்சோறு கொண்டுபோனால் மேலே ஒரு கரித்துண்டு.
நாங்களோ கூப்பிடப் போகிறவர்கள்.
பட்டியலைத் தலைகீழாக எழுதினேன்:
மல்லிகை நான்கு முழம்,
மட்டன் சுக்கா, கரி கிடையாது,
இரும்பு கிடையாது.
"அப்ப இத என்ன பண்றது?"
பைக் சாவியை ஆட்டிக் காட்டினான் மோதிலால்.
சகாயராணி கழுத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தாள்.
கழற்று என்று யாரும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
சுடிதாருக்குள் போட்டுக்கொண்டாள்.

வாட்ச்மேன் மொக்கச்சாமிக்கு முன்னூறு ரூபாய்.
"பாம்பு கெடக்கும், பாத்து வாங்க.
சரி, வந்துருச்சுன்னே வைங்க,
என்னா கேப்பீங்க?"

அது பட்டியலில் இல்லை.

சிம்மக்கல்லில் இட்லிக்கடை, மணி பதினொன்றரை.
தூங்காத ஊரில்
பேய்க்கென்று எந்த நேரத்தை ஒதுக்கியிருப்பார்கள்?
கொப்பரையைத் திறந்ததும் ஆவி எழும்பியது,
அதற்கு நேரே டப்பாவை நீட்டினான் மோதிலால்.
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பில்லின் பின்பக்கம் எழுதினோம்.
உன் பெயர் என்ன.
போலீஸ் மாதிரி இருக்கிறது, அடித்தாயிற்று.
எப்படி இறந்தாய்.
சகாயராணி பேனாவைப் பிடுங்கி அடித்தாள்:
"எத்தன நாளா வலின்னு
பகல் பூரா கேக்குறேன், போதும்."
உனக்கு என்ன வேண்டும்.
இதற்கு மூவரும் தலையாட்டினோம்.
கை கழுவப் போன மோதிலால் திரும்பி வந்து
"சொல்லிட்டா?" என்றான்.
அதையும் அடித்தோம்.

பார்சல் கட்டும் பையன் நிமிர்ந்தான்.
"சுக்கா எத்தனண்ணே?"
"மூணு" என்றேன்.
"நாலு" என்றான் மோதிலால்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அவன் பைக் முன்னால் போகிறது.
சகாயராணி ஸ்கூட்டரில் பின்னால் நான்,
அவள் மல்லிகை என் முகத்தில் அடிக்கிறது.
பரங்குன்றம் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிட்டது.
மூன்று பொட்டலம் பையில்.
நாலாவதைக் கையில் வைத்திருக்கிறேன்,
சட்டையோடு சேர்த்து,
ஆறிவிடக் கூடாதே என்று.