இழப்பு மதிப்பீடு

பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு பழைய கிடங்கின் மேல்மாடி.
முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து
செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறினேன்.
எரிந்த நூற்பாலை, மூழ்கிய கார்,
எலி கடித்த பருத்திப் பொதி,
இவற்றுக்கு எண் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
கலைக்கு எண் போடுவது முதல் தடவை.

படிவத்தில் இப்படி இருந்தது:
வரிசை எண் ஏழு. 'கூரை'.
பழைய நீலத் தார்ப்பாய்த் துண்டுகள், நைலான் நூல்.
பன்னிரண்டடிக்குப் பதினெட்டு.
பதினோரு லட்சம்.
முழுச் சேதம்.

சுவரில் அது இல்லை.
நாலு ஆணி, நாலு விளக்கு,
வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த ஒரு வெற்றிடம்.
எதிர்மூலையில்
ஆறு எண்ணெய் ஓவியங்களின் மேல்
கல்யாணப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது அதை.
நடுவயிறு தொங்க, உள்ளே ஒரு குளம்.

ராத்திரி ஒன்றரைக்குக் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போயிற்றாம்.
காவலாளி விட்டோபா ஷிர்கே
எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார்.
எடுத்தவர் இல்லை.
பிறகுதான் சுவரைப் பார்த்தாராம்.

"நாலு விளக்கு போட்டிருந்தோமே,
அப்பவும் தெரியலையா?" என்றார் கேலரி கில்டர் அம்மாள்.
"தெரிஞ்சுதும்மா. அதனாலதான் சீக்கிரம் கழட்ட முடிஞ்சுது."

பத்தரைக்கு ஓவியர் வந்தார், அனிகேத் போர்வன்கர்,
தலை துவட்டாமல்.
பந்தலின் அடியில் குனிந்து போய்
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.
வெளியே வந்து சொன்னார்:
"மூணு வருஷமா எனக்கு வராதது
இப்பதான் வந்திருக்கு."
"மெதுவாப் பேசுங்க," என்றார் கில்டர் அம்மாள்,
"சர்வேயர் எழுதிக்கிறாங்க."

எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.
அவர் சொன்னார், இது இப்படியே இருக்கட்டும்,
முடிச்சை அவிழ்த்தால் அதுதான் சேதம்.
அந்த அம்மாள் சொன்னார், கட்டியிருக்கும்வரை இது தார்ப்பாய்,
சுவருக்குத் திரும்பினால்தான் விலை,
திரும்ப முடியாதபடி நனைந்துவிட்டது.
நனையாத தார்ப்பாய் என்ன தார்ப்பாய் என்று அவர்.
வாங்குகிறவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று இவர்.
ஷிர்கே குறுக்கே வந்தார்:
"முடிச்சு என்னுது. லாரி முடிச்சு.
அவுக்கறதா இருந்தா என்னைக் கூப்பிடுங்க."

எங்கள் பாலிசியில் பதினாறாம் பிரிவு ஒன்று உண்டு.
பெரிய இழப்பைத் தடுக்கச் சின்னதாக எதையாவது செலவழித்தால்
அந்தச் செலவைக் கம்பெனி கொடுக்கும்.
ஆறு ஓவியம், தொண்ணூறு லட்சம், ஈரம் படவில்லை.
செலவானது தார்ப்பாய் ஒன்று.
மஸ்ஜித் பந்தரில் ஆயிரத்து நானூறு.
இந்த அறையில் பதினோரு லட்சம்.
எந்த அறையில் நின்றுகொண்டு
மழை பெய்தது என்று நான் எழுத வேண்டும்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன்.
சொட்டுகிற இடங்களில் ஷிர்கே பாத்திரம் வைத்திருந்தார்:
தன் டிபன் டப்பா, அதன் மூடி,
ஒரு வெண்கலக் கிண்ணம்.
"அது வரிசை எண் நாலு!"
வெளியிலிருந்து கில்டர் அம்மாள் அலறினார்.
"குழியா இருந்துது, எடுத்தேன்."

தையல் தையலாக விளக்கடித்தேன்.
ஒழுகிய மூன்றும் நைலான் நூல் போன வழி.
ஓர் ஓரத்தில் மட்டும்
சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய ஒட்டு ஒன்று,
உள்ளங்கை அளவு,
நாலு முனையும் எழும்பாதபடி வளைத்து வெட்டியது.
நேர்மேலே குளம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தது.
தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"இது நீங்க போட்டதா?"
போர்வன்கர் குனிந்து பார்த்தார்.
"இல்ல. குர்லாவுல கிலோக்கணக்குல வாங்கினேன்.
வாங்கும்போதே இருந்திருக்கும்."
கொஞ்சம் பொறுத்து,
"நான் பாக்கவே இல்ல," என்றார்.

அவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள்,
தண்ணீரை இறைப்பதற்கு முன் போட்டோ எடுப்பதா, பின்பா என்று.
ஷிர்கே வாளியோடு காத்திருந்தார்.
மதிப்பு என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
கசிவு மூன்று இடம், தையலில்.
ஒட்டில் இல்லை.
ஒட்டியவர் பெயர் தெரியவில்லை,
விசாரிக்கவும்.