விற்காதது

அறுவடை வாரத்தில் பெய்தது.
கிடுயியில் மழையை யாரும் திட்டுவதில்லை.
நானும் திட்டவில்லை.

வியாபாரி சாக்குக்குள் கைவிட்டு அளைந்து
முகம் சுளித்தான்.
ந்தென்யா முறத்தோடு உட்கார்ந்தாள்.
வெள்ளை மணி அவன் லாரிக்கு,
பச்சை படர்ந்தது எங்கள் பானைக்கு.
பஞ்சம் பார்த்த கை, எறியுமா?

ஏழு தண்ணீரில் கழுவினாள்.
அந்தி சாயும்வரை வேகவைத்தாள்.
பூஞ்சை செத்தது.
அது விட்டுப்போனது சாகவில்லை.
இப்படி எத்தனை வருடம்,
எண்ணவில்லை.

மச்சாகோஸ் ஆஸ்பத்திரியில்
வயிற்றில் சில்லென்று எதையோ தடவிக்கொண்டே
டாக்டர் கேட்டாள்: குடிப்பீர்களா?
சர்ச்சில் பாடுகிறவன், தொட்டதில்லை.
காமாலை?
ரத்தத்தில் பழைய கிருமி இருக்கிறதாம்,
எனக்கே இன்றுதான் தெரியும்.
என்ன சாப்பிடுவீர்கள்?
விற்காததை, என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

திரையில் ஒரு முட்டி அளவு நிழல்.
களத்து ஈரம்
ஈரல்வரை வந்திருந்தது.

இந்த வருடமும் மழை.
ந்தென்யா குப்பியில் ஒரு கை மக்காச்சோளம்,
ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்குகிறாள்.
உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காயவில்லை.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்.

ஒட்டியிருக்கிறது.

பின்புறம் குழி வெட்டும் சத்தம்.
கோழிகள் சுற்றி நிற்கின்றன,
அவளுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் பார்த்துக்கொண்டு.