விசிறி நிற்கும்வரை

ஐந்து ரோடு கடையில் வண்டி ஏறும்போதே
தஸ்தகீர் அண்ணன் சொல்லிவிட்டார்:
"லேம்ப் ரெண்டாயிரத்து முந்நூறு மணி ஓடிருச்சு.
சும்மா சும்மா ஆன் பண்ணாதே."
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டேன்,
வாந்தி வரப்போகும் பிள்ளையைப் போல.

நாகலூர் தாண்டி
சில்வர் ஓக் வரிசை முடிகிற இடத்தில் சமுதாயக் கூடம்.
பாதிச் சுவர் பச்சை,
மீதிச் சுவரில் சத்துணவுப் பட்டியல்.
திரையைக் கடையிலேயே மறந்தது
அங்கே போய்த்தான் தெரிந்தது.

கூரை ஒழுகலுக்கு விரித்திருந்த பழைய ஃபிளெக்ஸை இறக்கினேன்.
வெள்ளைப் பின்பக்கம் தெரிய
ஜன்னலை மறைத்துக் கட்டினேன்,
காபி மூட்டையிலிருந்து உருவிய சணலால்.

ஸ்டூல் குட்டை.
அடியில் மூன்று வருகைப் பதிவேடுகள்.
படம் மேலே அகன்று கீழே ஒடுங்கி
முறம் போல நின்றது.
கீஸ்டோன் பொத்தானை அமுக்க அமுக்க
சதுரமானது, அல்லது சதுரம் போல.
ஒரு பக்கத்தைச் சுருக்கித்தான் இன்னொன்றை நேராக்குகிறோம்.
பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

கம்பெனியின் விஜயராகவன் சாருடைய லேப்டாப்பில்
எச்.டி.எம்.ஐ. வாயே இல்லை.
பை முழுக்கத் துழாவி அடாப்டர் எடுத்தேன்.
நீலத் திரை. சிக்னல் இல்லை.
"இங்க எதுக்குமே சிக்னல் இல்ல சார்"
என்றது கடைசி வரிசை. கூடம் சிரித்தது.
சோர்ஸ் மாற்றினேன். மறுபடி மாற்றினேன்.
வயரைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை.
எல்லோரும் ஊதுகிறோம்.

வரைபடம் வந்தது.
அதே நேரம் வெளியே மூடுபனி விலகி
ஜன்னலில் வெயில் விழ,
கோடுகளுக்குப் பின்னாலிருந்து
மோவாயில் விரல் வைத்த ஒரு முகமும் வந்தது.
இடம் வலம் மாறிய எழுத்தில்
மஞ்சள் நீராட்டு விழா.

மூன்றாம் வரிசையில் கோகிலவாணி
பக்கத்துப் பெண்ணின் தோளில் முகம் புதைத்தாள்.
"என்னப்பா இது?" என்றார் சார்.
சாத்தலாமென்று போனேன்.
அந்த ஜன்னலுக்குக் கதவில்லை.
"சாம்பல் நிறத்துல இருக்கறது பகுதி மூணு"
என்று அவர் காட்டியபோது
சிவப்புப் புள்ளி அவள் கன்னத்தில் நடுங்கியது.

அவளுடைய அம்மா சடையம்மா எழுந்து வந்தாள்.
"எங்க கொல்லை இதுல எங்க இருக்கு?"
கேட்டுக்கொண்டே வெளிச்சத்துக்குள் நடந்தாள்.
அளவுக் கோடுகள் அவள் முதுகில் ஏறி
புடவை மடிப்பில் உடைந்தன.
திரை நிறைய அவள் நிழல்.
"மறைக்காதீங்கம்மா. நகருங்க."
"எவ்வளவு தூரம்?"

கேலியா, நிஜமாகவே கேட்டாளா,
எனக்கு இன்னும் தெரியவில்லை.
பக்கத்தில் இருந்தவன் நான்தான்.
வெளிச்சம் எங்கே முடிகிறதென்று தெரிந்தவனும் நான்தான்.
ஓரடி, இந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கலாம்.
ஏற்கனவே தெளிவாக இருந்த படத்தின்
ஃபோகஸ் வளையத்தைத்
திருகிக்கொண்டிருந்தேன்.

தேநீர் கொடுத்தார்கள்.
கையெழுத்து வாங்கினார்கள்.
கார்கள் இறங்கிப் போயின.

அணைத்தபிறகும் உள்ளே விசிறி ஓடும்.
சூடு ஆறுவதற்குள் வயரைப் பிடுங்கினால்
லேம்ப் போய்விடும்.
பனி மறுபடி வாசலுக்கு வந்திருந்தது.
கோகிலவாணியும் இன்னும் இருவரும்
பக்கவாட்டில் வரும் வெப்பக்காற்றைக் கண்டுபிடித்துக்
கைகளை நீட்டி நின்றார்கள்.
"இன்னும் எவ்வளவு நேரம்ணா வரும்?"
"ரெண்டு நிமிஷம்."

விசிறி நின்றது.
உடனே யாரும் கையை எடுக்கவில்லை.
பிறகு அவள் சொன்னாள்:
"ஃபிளெக்ஸைப் பழையபடி மேல கட்டிட்டுப் போங்கண்ணா, ஒழுகும்.
மூஞ்சி உள்பக்கம் இருக்கட்டும்."
ஏணி கேட்டேன்.
எடுத்துவர ஓடினாள்.